கட்டிதானே என்று இருந்து விடாதீர்கள்!

வீட்டில் ஒருவருக்கு உடம்பில் கட்டி வந்துவிட்டால் நாம் முதலில் செய்வது என்ன? வெற்றிலையில் ஆமணக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி வைத்துக் கட்டுவோம். சவர்க்காரத்தைச் சுரண்டிச் சீனியோடு குழைத்துப் பூசுவோம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடுகிற உம்மும்மாக்களும் உண்டு. "சூட்டுக் கட்டிதான், பழுத்து உடைந்தால் சரியாகிவிடும்" என்று ஆறுதலும் சொல்லி விடுவோம். அநேகமான கட்டிகள் அப்படியே பழுத்து, உடைந்து, ஆறியும் விடுகின்றன. அதனால்தான் ஆறாத கட்டி ஒன்று வரும்போது நாம் ஏமாந்து போகிறோம்.

நாவலப்பிட்டியில் இருக்கும் நமக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: தென்மேற்குப் பருவ மழை தொடங்கி விட்டால் இங்கே காய வைத்த துணி நாலு நாளைக்கும் காயாது. மகாவலி கலங்கிப் பாயும். பிள்ளைகள் ஈரச் சப்பாத்தோடு பாடசாலை போய் ஈரச் சப்பாத்தோடு திரும்பி வருவார்கள். ஈரமும் வியர்வையும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் தோல் ஊறி, மென்மையாகி, சின்ன உராய்வுக்கும் புண்ணாகும். கட்டிகள் வர அதுவே போதும்.

கட்டி என்பது என்ன?

நம் தோலின் மேல் எப்போதும் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன. மூக்கின் உட்புறத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் அவை இன்னும் அதிகம். தோல் என்ற மதில் உடையாதிருக்கும் வரை அவற்றால் நமக்குத் தொல்லை இல்லை. ஒரு முள் கீறல், மயிர் களைந்த இடத்தில் ஏற்பட்ட சிறு வெட்டு, சொறிந்து வந்த புண், அடைபட்டுப்போன ஒரு மயிர்க்கால் இவற்றில் ஏதோ ஒன்றின் வழியாகக் கிருமி உள்ளே நுழைந்து விடுகிறது. உடனே இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அந்த இடத்தைத் தேடி ஓடி வருகின்றன. இரத்தம் அதிகமாகப் பாய்வதால் இடம் சிவந்து சூடாகிறது. நீர் கசிந்து வீங்குகிறது. நரம்பு அழுத்தப்படுவதால் வலி 'விண் விண்' என்று தெறிக்கிறது. செத்த கிருமிகளும் செத்த வெள்ளை அணுக்களும் கரைந்துபோன தசையும் சேர்ந்த குழம்புதான் சீழ். அது மற்ற இடங்களுக்குப் பரவாதபடி உடம்பே அதைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறது. அந்தச் சுவருக்குள் அடைபட்ட சீழைத்தான் நாம் கட்டி என்கிறோம்.

இந்தச் சுவரைச் சற்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மைக் காப்பதும் அதுதான், மருந்தை உள்ளே விடாமல் தடுப்பதும் அதுதான். சீழ் நிறைந்த பையின் நடுவே இரத்தக் குழாய் கிடையாது. நாம் விழுங்கும் குளிசை இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். போக வழியில்லாத இடத்துக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? சீழ் கட்டிய பிறகு அதை வெளியே எடுப்பதுதான் உண்மையான வைத்தியம் என்று டாக்டர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, முப்பது பாகங்கள் கொண்ட தமது மருத்துவ நூலின் இறுதிப் பாகத்தைச் சத்திர சிகிச்சைக்கென்றே ஒதுக்கினார். கட்டிகளைக் கீறுவது பற்றியும் அதில் எழுதி, கருவிகளைப் படமாகவும் வரைந்து காட்டினார். லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூலைப் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்தியர்கள் பாடமாகப் படித்தார்கள். அப்படிப்பட்டவரைத் தந்த சமுதாயத்தில் இன்றும் கட்டியின் மேல் சுண்ணாம்பு அப்புகிறோமே!

ஆனால் கட்டிக்குள் இருப்பது கிருமி என்பது அஸ்ஸஹ்ராவிக்குத் தெரிய வழியில்லை. ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் இருந்த அலெக்ஸாண்டர் ஒக்ஸ்டன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர்தான் தம் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து எடுத்த சீழை நுண்ணோக்கியில் பார்த்து, 1880ஆம் ஆண்டளவில் இதை நிரூபித்தார். திராட்சைக் குலை போல் கூட்டம் கூட்டமாகத் தெரிந்த உருண்டைக் கிருமிக்கு 1882இல் 'ஸ்டெஃபிலோகொக்கஸ்' என்று பெயரிட்டார். இன்று நம் பிள்ளைகளுக்குத் தோலில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதே கிருமிதான் காரணம். மாம்பழமும் அன்னாசியும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டதால் 'சூடு' ஏறிக் கட்டி வந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. பாவம், மாம்பழக் காலமும் வெயிலும் வியர்வையும் ஒன்றாக வருவதால் பழி மாம்பழத்தின் மேல் விழுந்து விட்டது.

பிதுக்காதீர்கள்

சிறிய கட்டி என்றால் வீட்டில் செய்யக் கூடியது ஒன்றுதான். சுத்தமான துணியைக் கை பொறுக்கும் சூட்டு நீரில் நனைத்துப் பிழிந்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். தானாக உடைந்தால் சவர்க்காரமிட்டுக் கழுவி, சுத்தமான துணியால் மூடி விடுங்கள். உம்மும்மாவின் வெற்றிலையில் உள்ள பயனும் அந்தச் சூடுதான் என்று நினைக்கிறேன். அதற்காக அவரோடு சண்டை பிடிக்க வேண்டாம். எருக்கம்பாலும் சுண்ணாம்பும் சாணமும்தான் கூடவே கூடாது. எருக்கம்பாலும் சுண்ணாம்பும் தோலை வேக வைத்து விடும், சாணத்தில் ஏற்புவலிக் கிருமி இருக்கும்.

நகத்தால் பிதுக்குவதும், தைக்கும் ஊசியை நெருப்பில் காட்டிக் குத்துவதும் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். பிதுக்கும்போது வெளியே வருவது கொஞ்சம், சுவர் உடைந்து உள்ளே போவது அதிகம். அதிலும் மூக்கு, மேலுதடு, அவற்றை ஒட்டிய பகுதியில் வரும் கட்டியைத் தொடவே கூடாது. அந்த இடத்து இரத்த நாளங்கள் கண்ணின் வழியாக மூளையின் அடிப்பகுதி நாளங்களோடு தொடர்புள்ளவை. அரிதாக என்றாலும், கிருமி அந்த வழியே ஏறினால் உயிருக்கே ஆபத்து. கண் வீங்கி, தலைவலியோடு காய்ச்சலும் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பென்சிலினை உலகில் முதன்முதலாகச் சிகிச்சையாகப் பெற்றவர்களில் ஒருவரின் கதை இதற்குச் சாட்சி. இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் பகுதியைச் சேர்ந்த அல்பேர்ட் அலெக்ஸாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு முகத்தில் ஏற்பட்ட ஒரு சிறு காயம் சீழ் பிடித்தது. தலையெல்லாம் கட்டிகள். ஒரு கண்ணையே எடுத்து விட்டார்கள். 1941 பெப்ரவரி 12ஆம் திகதி அவருக்குப் பென்சிலின் ஏற்றத் தொடங்கியதும் ஒரு சில நாட்களில் காய்ச்சல் இறங்கியது, சாப்பிடவும் தொடங்கினார். ஆனால் அன்று உலகத்திலேயே அந்த மருந்து சொற்பம்தான். அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் முடிந்தது. கிருமி மீண்டும் தலை தூக்க, மார்ச் 15ஆம் திகதி அவர் இறந்து போனார்.

மருந்து பாதியில் நின்றதால் ஓர் உயிர் போனது. இன்று பாமசியில் மருந்து குவிந்து கிடக்கிறது, நாமோ வேண்டுமென்றே பாதியில் நிறுத்துகிறோம்! வைத்தியர் ஏழு நாளைக்கு எழுதினால் வலி குறைந்த மூன்றாம் நாளே நிறுத்தி, மிச்சக் குளிசையை அலுமாரியில் வைக்கிறோம். அடுத்த மாதம் மச்சிக்குக் கட்டி வந்தால் அதை எடுத்துக் கொடுக்கிறோம். இப்படியெல்லாம் செய்யும்போது கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போகின்றன. பென்சிலினைக் கண்டு ஓடிய அந்தக் கிருமி இன்று பெரும்பாலும் சாதாரணப் பென்சிலினுக்கு அசைவதில்லை. அதற்கென வந்த குளொக்சசிலினுக்கும் அசையாத இனங்கள் உருவாகி விட்டன. சீழில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்பதை அறியத்தான் அது.

கீறுவதற்குப் பயப்படுபவர்கள் பலர். சிறிய கட்டிக்கு அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து கீறி விடுவார்கள், அன்றே வீட்டுக்கு வரலாம். பெரிதாகவோ ஆழமாகவோ இருந்தால் மயக்கம் கொடுப்பார்கள். கீறிய வாயைத் தைக்காமல் திறந்தபடி விடுவதைக் கண்டு, டாக்டர் கவனமில்லாமல் விட்டு விட்டார் என்று நினைக்க வேண்டாம். வாய் முதலில் மூடிக்கொண்டால் அடியில் மறுபடியும் சீழ் கட்டும். காயம் அடியிலிருந்து மேல் நோக்கி ஆற வேண்டும். அதனால்தான் சில நாட்கள் மருந்து கட்டப் போக வேண்டியிருக்கிறது.

பால் கொடுக்கும் தாய்மாருக்கு

இந்தக் கட்டுரையை நான் எழுதத் துணிந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். பிள்ளை பெற்ற முதல் சில வாரங்களில் மார்பில் வரும் கட்டி நம் பெண்களைப் படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

முலைக்காம்பில் வெடிப்பு ஏற்படுகிறது. பிள்ளை சரியாகப் பற்றிக் குடிக்காததால் ஒரு பக்கம் பால் தேங்குகிறது. மார்பின் ஒரு பகுதி கல் போல் இறுகி, சிவந்து, தொட முடியாமல் வலிக்கிறது. குளிரோடு நடுக்கிக் காய்ச்சல் அடிக்கிறது. இது இன்னும் கட்டி அல்ல, கட்டிக்கு முந்திய அழற்சி. இந்த நேரத்தில்தான் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒரு தவறான தீர்ப்பைச் சொல்கிறார்கள்: "பால் கெட்டுப் போயிற்று, பிள்ளைக்குக் கொடுக்காதே!"

சகோதரியே, கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தப் பால் விஷம் அல்ல. சுகமாகப் பிறந்த பிள்ளைக்கு அதனால் தீங்கு வராது. திடீரென்று நிறுத்தினால்தான் பால் மேலும் தேங்கி, அழற்சி கட்டியாக மாறும் அபாயம் கூடுகிறது. வழக்கம் போலவே பிள்ளை கேட்கும் போதெல்லாம் கொடுங்கள். வலி தாங்க முடியாமல் பிள்ளையைப் பிடிக்க இயலாவிட்டால் கையால் மெதுவாகப் பாலை எடுத்து விடுங்கள். பால் கொடுத்த பின்னர் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். பரசிற்றமோல் எடுக்கலாம். கட்டியை உடைக்கிறேன் என்று எண்ணெய் போட்டு அழுத்திப் பிசைவதும், சீப்பால் இழுப்பதும் முன்னர் நல்லது என்று எண்ணப்பட்டவை. அப்படிப் பிசைவதால் உள்ளே இழையங்கள் நசுங்கி நோய் கூடுகிறது என்று இன்று மருத்துவர்கள் அதைத் தடுக்கிறார்கள்.

ஒரு நாளைக்குள் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ வைத்தியரிடம் போய்விட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்குப் பொருத்தமான அன்டிபயோட்டிக் மருந்துகள் இருக்கின்றன. பால் கொடுக்கிறேன் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வரும் குடும்ப நல மாதுவிடமும் வெட்கப்படாமல் காட்டுங்கள். பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்கும் முறையை அவர் காட்டித் தந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்து விடும்.

சீழ் கட்டியே விட்டதென்றால் இப்போதெல்லாம் உடனே கத்தி வைப்பதில்லை. ஸ்கேன் செய்து பார்த்து, ஊசியால் சீழை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை எடுக்க வேண்டி வரலாம். தழும்பு விழாது, பால் கொடுப்பதும் தடைப்படாது. கட்டி பெரிதாகி, மேல் தோல் மெலிந்து பளபளத்துப் போயிருந்தால்தான் கீற வேண்டி வரும். நாட்களைக் கடத்தக் கடத்த ஊசியில் முடிய வேண்டியது கத்தியில் போய் முடிகிறது.

நாட்கள் ஏன் கடந்து போகின்றன? "நாற்பது கழியவில்லை, பச்சை உடம்புக்காரியை வெளியில் கொண்டு போகக் கூடாது" என்பது ஒரு காரணம். நாற்பது என்பது ஓய்வுக்காகப் பெரியவர்கள் வைத்த நல்ல வழக்கம். காய்ச்சலில் துடிப்பவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக் கூடாது என்று எந்த மார்க்கச் சட்டமும் சொல்லவில்லை. இரண்டு வருடம் பால் கொடுப்பதைக் குர்ஆன் எடுத்துச் சொல்லும்போது, அந்தப் பாலைக் காப்பாற்றுவதற்காக வைத்தியரிடம் போவது எப்படிக் குற்றமாகும்?

மற்றக் காரணம் வெட்கம். மார்பில் என்றாலும் சொல்லி விடுவார்கள். பிட்டத்தில், மலவாயிலின் அருகில், மறைவிடத்தில் வந்தால் கணவனிடம் கூடச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! மறைவிடத்தின் வாயிலருகே இரு பக்கமும் ஈரலிப்பைச் சுரக்கும் இரண்டு சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றின் துளை அடைபட்டுச் சீழ் கட்டினால் உட்காரவோ நடக்கவோ முடியாது. இது நடத்தையோடு தொடர்புபட்டது என்று எண்ணி அஞ்சத் தேவையில்லை, எந்த நல்ல குடும்பப் பெண்ணுக்கும் வரலாம். மலவாயிலருகே வரும் கட்டியைத் தானாக உடைய விட்டால் அது உள்ளிருந்து வெளியே ஒரு துளையாகி, மாதக் கணக்கில் கசியும் பவுத்திரமாகி விடுவதுண்டு.

பெண் வைத்தியர் இருந்தால் அவரிடமே போங்கள், அதுதான் முதல் வழி. இல்லாதபோது ஆண் வைத்தியரிடம், தேவையான இடத்தை மட்டும், மஹ்ரமோ வேறொரு பெண்ணோ உடனிருக்கக் காட்டலாம் என்பது மார்க்க அறிஞர்கள் தெளிவாகச் சொல்லியுள்ள சலுகை. தாதி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: மனைவி இப்படியொன்றைச் சொன்னால் "பார்ப்போம், வெள்ளிக்கிழமை போவோம்" என்று தள்ளிப் போடாதீர்கள். அவள் அதைச் சொல்ல எத்தனை நாள் தயங்கினாளோ!

இன்னுமொன்று. பால் கொடுக்காத பெண்ணுக்கு, அதிலும் நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, மார்பு சிவந்து வீங்கினாலோ, மருந்து எடுத்தும் கட்டி கரையா விட்டாலோ அதை வெறும் சீழ்க்கட்டி என்று முடிவு செய்து விடாதீர்கள். மார்புப் புற்றுநோயிலும் ஒரு வகை இதே தோற்றத்தில் வரும். ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்தாக வேண்டும்.

சீனி வருத்தமும் மழைக்கால மண்ணும்

அடிக்கடி கட்டி வருகிறதா? ஒன்று ஆற இன்னொன்று முளைக்கிறதா? முதலில் இரத்தத்தில் சீனியைப் பாருங்கள். 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ இருப்பதாகக் காட்டியது. நம் வீட்டு வட்டிலப்பத்தையும் சீனி அள்ளிப் போட்ட தேநீரையும் பார்த்தால் எனக்கு அது ஆச்சரியமாகத் தோன்றவில்லை. சீனி கூடிய இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சோர்ந்து போகின்றன, கிருமிகளுக்கோ கொண்டாட்டம். பிடரியிலும் முதுகிலும் வரும் பிளவை இப்படிப்பட்டவர்களைத்தான் அதிகம் தேடி வரும். பல கட்டிகள் அடியில் ஒன்றாய்ச் சேர்ந்து, மேலே அரிதட்டுப் போல் பல துளைகளில் சீழ் வடிந்தால் அது பிளவை. காலில் வந்தாலோ இன்னும் கவனம் வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது, வலி இல்லாததால் பயமும் இருக்காது.

சீனி வருத்தக்காரரை நம் மழையோடும் மண்ணோடும் சேர்த்துப் பார்க்க வைக்கும் நோயொன்றும் இருக்கிறது. மெலியொய்டோசிஸ் என்று பெயர். 1911இல் ரங்கூனில் அல்பிரட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தார்கள். இலங்கையில் 1927இலேயே ஐரோப்பியர் ஒருவரிடம் இது காணப்பட்டதாகப் பதிவு உண்டு. அதன் பின்னர் பல்லாண்டு காலம் யாரும் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. நோய் இல்லாமல் போய்விடவில்லை, தேடாததால் தெரியவில்லை. 2006ஆம் ஆண்டிலிருந்து கொழும்பு, பேராதனை மருத்துவ பீடங்களைச் சேர்ந்த எனோக்கா கொரயா, வசந்தி தெவநேசம் போன்ற நுண்ணுயிரியலாளர்கள் தேடத் தொடங்கியதும், 2017 வரையான காலத்துக்குள் ஏறத்தாழ 250 நோயாளிகள் நாட்டின் பல மாகாணங்களிலும் கண்டறியப்பட்டார்கள்.

இதன் கிருமி ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. காலிலுள்ள சிறு வெடிப்பின் வழியாகவோ, கடும் மழையில் சிதறும் நுண்துளிகளைச் சுவாசிப்பதாலோ உள்ளே போகிறது. நீரிழிவு உள்ளவர்களையே முக்கியமாகத் தாக்குகிறது. ஒருவருக்குத் தோலில் கட்டி, இன்னொருவருக்கு நியுமோனியா, வேறொருவருக்கு ஈரலிலும் மண்ணீரலிலும் கட்டிகள் என்று பல வேடங்களில் வரும். காச நோயென்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. சாதாரண அன்டிபயோட்டிக்குகள் பலவற்றுக்கு இது அடங்காது. குறைந்தது இரண்டு வாரம் நாளத்தில் மருந்து ஏற்றி, பின் மூன்று மாதமளவில் குளிசை எடுக்க வேண்டும். இடையில் விட்டால் திரும்பி வரும். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து போனபோது கண்டி மாவட்டம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. சேறு நிறைந்த வீடுகளை வெறுங்காலோடு இறங்கிக் கழுவியவர்களில் பெண்களே அதிகம். இனிமேல் வெள்ளமோ மண்சரிவோ வந்தால், தோட்டம் கொத்தப் போனால் கூட, சீனி வருத்தம் உள்ளவர்கள் இறப்பர் பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்கக் கூடாது. காய்ச்சலோடு கட்டி வந்து டாக்டரிடம் போகும்போது "எனக்குச் சீனி இருக்கிறது, சேற்றில் வேலை செய்தேன்" என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சரியான பரிசோதனைக்கு வழி காட்டும்.

வெளியே தெரியாத கட்டிகள்

ஈரலில் சீழ் கட்டினால் வெளியே எதுவும் தெரியாது. காய்ச்சல், வியர்வை, வலது விலாவின் கீழ் வலி, சில வேளை வலது தோளிலும் வலி. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் அமீபா இதற்கு ஒரு காரணம். யாழ்ப்பாணப் பகுதியில் செய்த ஆய்வுகளில் இது கள் குடிக்கும் ஆண்களிடமே அதிகம் காணப்பட்டது. அந்தப் பாவத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காத்திருக்கிறான், ஆனால் கொதிக்க வைக்காத தண்ணீரும் சரியாகக் கழுவாத வல்லாரையும் நம் குசினியிலும் உண்டல்லவா?

கழுத்தில் வலியும் சிவப்பும் இல்லாமல் மெல்ல மெல்ல வளரும் கட்டி காச நோயாக இருக்கலாம். அதைக் கீறி விட்டால் போதாது, ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். பல்லடியில் சீழ் கட்டித் தாடையும் தொண்டையும் வீங்கினால், வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால், விடியும் வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு அடைபடலாம். தோல் கறுத்து, தோற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி இருந்தாலும், காய்ச்சலோடு நினைவு தடுமாறினாலும் அப்படியே. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்து, தேவையென்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்பி விடுவார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இரண்டு வார்த்தை. பிறந்த குழந்தையின் மார்பு, ஆணோ பெண்ணோ, சற்று வீங்கி ஒரு துளி பால் கசிவது தாயின் ஹோர்மோனால் வருவது. சில வாரங்களில் தானே வற்றி விடும். "பிதுக்கி எடுக்கா விட்டால் கட்டியாகி விடும்" என்று பிதுக்குகிறார்களே, பிதுக்குவதால்தான் அந்தப் பிஞ்சு மார்பில் கட்டி வருகிறது! பெண் குழந்தையென்றால் பின்னாளில் மார்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம். அதே போல் பிறந்தவுடன் தோளருகே போடும் பீ.சீ.ஜி. ஊசி, சில வாரம் கழித்துச் சிறு கொப்புளமாகிச் சீழ் கண்டு ஆறித் தழும்பாகும். அது தடுப்பு மருந்து வேலை செய்வதன் அடையாளம். மருந்து பூச வேண்டாம், கட்டுப் போட வேண்டாம். அக்குளில் பெரிதாக நெரி கட்டினால் மட்டும் காட்டுங்கள்.

வீட்டில் ஒருவருக்குக் கட்டி இருக்கும்போது அவருடைய துவாயையும் சவர அலகையும் மற்றவர்கள் பாவிக்க வேண்டாம். தலையணை உறையைச் சுடுநீரில் கழுவி நன்றாகக் காய வைத்து, மழைக்காலமென்றால் இஸ்திரி போட்டு எடுங்கள். மருந்து கட்டிய கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் சமையலுக்குப் போகாதீர்கள். கையில் கட்டி உள்ளவர் கந்தூரிச் சமையலில் இறங்கினால் அதே ஸ்டெஃபிலோகொக்கஸ் சோற்றில் சேர்ந்து, சாப்பிட்ட எல்லோரையும் வாந்தி எடுக்க வைத்து விடும்.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொன்னால், அதற்காகத் தொழுகையைக் களா ஆக்க வேண்டியதில்லை. மற்ற உறுப்புக்களைக் கழுவி, கட்டின் மேல் ஈரக் கையால் தடவும் சலுகை உண்டு. அதனோடு தயம்மும் எப்போது சேர வேண்டும், சீழ் கசியும் உடையோடு தொழுவது எப்படி என்ற விபரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரமழானில் நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்கும் அனுமதி இருக்கிறது. நாளைக்கு நான்கு வேளை எழுதிய குளிசையை இரண்டு வேளையாக்கி நோன்பு பிடிப்பதை விட, எழுதியவரிடமே நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்டு விடுங்கள். ஸஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்தும்படி நாளைக்கு இரண்டே வேளை எடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன.